வண்டிக்கடியில் இருப்பவர்கள்

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவள் நான். அடுத்த வருஷத்தின் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் ராகு காலம், எமகண்டம், கரிநாள் சகிதமாக இந்த ஆடி மாதமே என் மேஜைக்கு வந்து, நான் பிழை திருத்தி கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஊருக்குப் போகும் என்பதால் எனக்கு நாட்களின்மேல் பெரிய மரியாதை ஒன்றும் இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு. அன்றைக்கு மதியம் கறிக்குழம்புச் சாப்பாடு முடிந்ததும் நானும் என் வீட்டுக்காரர் ராஜகனியும் மகள் தனு என்கிற தன்ஷிகாவும் பாயை விரித்து போர்டு கேம் ஆடுவோம். தாயமோ ரம்மியோ இல்லை. வெளிநாட்டிலும் பெங்களூரிலும் இப்போது புதிது புதிதாகப் போடுகிறார்களே, பெட்டி நிறைய மரக்காய்களும் சீட்டுகளும், முப்பது பக்கத்துக்கு விதிப்புத்தகமும் வைத்து, அந்த மாதிரி ஆட்டங்கள். ஆடிவிட்டு ஒவ்வொன்றையும் பற்றி 'பாயில் ஆடியவை' என்ற என் வலைப்பூவில் எழுதுவேன், இருநூறு பேர் படிப்பார்கள், அதில் பாதிப்பேர் என்னை ஆம்பிளை என்று நினைத்து 'சார்' என்பார்கள். பத்து முறை ஆடாமல் எந்த ஆட்டத்தைப் பற்றியும் எழுதியதில்லை என்பதுதான் எனக்கு இருந்த ஒரே கர்வம்.

போன வருஷம் பங்குனியில் ராஜகனி இறந்துபோனார். லாரி புக்கிங் ஆபீஸில் டீயைக் குடித்துவிட்டு கிளாஸைக் கீழே வைத்தவர் அப்படியே சுவரில் சாய்ந்தாராம், கிளாஸ் உடையக்கூட இல்லை என்று சொன்னார்கள். நான் அழவில்லை. அழக்கூடாது என்று வைராக்கியம் எதுவும் கிடையாது, வரவில்லை, அவ்வளவுதான். துக்கம் கேட்க வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஏமாந்து, காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். ராஜகனியின் அக்கா செல்வக்கனி மதினி மட்டும் என் தோளைப் பிடித்து உலுக்கி, "அழுதுரு மாரீஸு, உள்ள வச்சா உள்ளயே இருக்கும்" என்றாள். பதினாறாம் நாள் முடிந்து நான் வேலைக்குப் போனேன், அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனு பாயை விரித்தாள், இரண்டு பேர் ஆடுகிற ஆட்டமாக ஒன்றை எடுத்து ஆடினோம், அதற்கு விமர்சனமும் எழுதினேன். அந்த வருஷம் முழுக்க சோற்றில் உப்பு இருந்ததா இல்லையா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

வருஷ திதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது 'ஏழு சந்தை' வந்தது. அனுப்பியவர் பெயர் பெட்டியில் இல்லை. மாட்டுவண்டியை ஓட்டிக்கொண்டு ஏழு சந்தைக்கும் போய் மிளகாயும் மல்லியும் பருத்தியும் விற்கிற ஆட்டம். நம் முறை வரும்போது ஒன்று, வண்டியை நகர்த்தலாம், இல்லாவிட்டால் நடுவில் இருக்கிற சீட்டுக்கட்டிலிருந்து ஒரு சீட்டு எடுக்கலாம். நாற்பத்தெட்டு சீட்டில் நாலு சீட்டு மட்டும் கெட்டது, அதில் நிறுத்தின வண்டிக்கடியில் ஒரு ஆள் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கும் படம் இருக்கும், எடுத்தவருக்கு அடுத்த முறை கிடையாது. நூறு ஆட்டம் ஆடினவளுக்கு இது பழைய சங்கதி. விதித்தாளில் அந்தப் பத்தி வந்ததும், ஒரு முறை போச்சு, தெரிந்ததுதானே என்று தாண்டிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் தனுவும் கீழ்வீட்டில் தையல் கடை வைத்திருக்கும் ஜெயராணி அக்காவும் ஆடினோம். எனக்கு அந்தச் சீட்டு வந்தது. ஆட்டம் முடிந்து, சாப்பிட்டு, படுத்து, எழுந்தேன். எழுந்தபோது செவ்வாய்க்கிழமை. திங்கட்கிழமைதான் ராஜகனியின் திதி. ஐயர் வந்து போயிருந்தார், மதினி வீட்டு ஆட்கள் வந்து அழுது சாப்பிட்டுப் போயிருந்தார்கள், பாத்திரமெல்லாம் விளக்கிக் கவிழ்த்தியிருந்தது. "நேத்து நீ நல்லாப் பாத்துக்கிட்ட மாரீஸு, யாரு என்ன சொன்னாலும் சரிசரின்னு கேட்டுக்கிட்ட" என்று ஜெயராணி அக்கா பாராட்டினாள். எனக்கு அதில் ஒரு நிமிஷம்கூட நினைவில்லை. நான் அக்காவிடம் அதைச் சொன்னேன். அக்கா ஊசியில் நூலைக் கோர்த்தபடி, "அப்ப அந்தச் சீட்டுதான்" என்றாள், "எனக்கு வார திங்கக்கெழம கடவாப்பல்லு பிடுங்கணும், ஞாயித்துக்கெழம வாரேன்" என்றாள்.

அக்காவுக்குச் சீட்டு வந்தது, பல் போனது தெரியாமல் செவ்வாய்க்கிழமை எழுந்து கண்ணாடியில் ஓட்டையைப் பார்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகு தெருவுக்கு விஷயத்தை விளக்க வேண்டியிருக்கவில்லை. ஞாயிறு மதியமானால் எங்கள் மாடிப்படியில் செருப்பு கொள்ளாது, ஒரே பெட்டி என்பதால் நாலு நாலு பேராக மூன்று ஆட்டம் ஓடும், ஒவ்வொன்றிலும் விதி சொல்லிக்கொடுக்க நானும் உட்கார்வேன், என் இடப்பக்கம், எப்போதும்போல, தனு. சீட்டைத் தேடிப் பொறுக்கி எடுத்தால் பலிக்காது, ஒழுங்காக ஆட வேண்டும், கடைசி வரைக்கும் ஆட வேண்டும் என்று கண்டுபிடித்தார்கள். அதனால் பத்தாவது தாண்டாத பெண்களும், மளிகைக் கடையைத் தவிர உலகத்தில் எதையும் கவனிக்காத பிச்சைக்கனி அண்ணாச்சியும், பருத்தியை எப்போது பிடித்துவைக்க வேண்டும், மிளகாயை எந்தச் சந்தையில் தள்ளிவிட வேண்டும் என்பதில் கெட்டிக்காரர்களாகிவிட்டார்கள். தெருவின் கஷ்டங்கள் எல்லாம் மெல்ல மெல்லத் திங்கட்கிழமைக்கு மாறின. பல் டாக்டரிடமும் கோர்ட்டிலும் திங்கட்கிழமையே கேட்டு வாங்கினார்கள், மாமியார் ஊருக்குப் போவதும் திங்கட்கிழமை, பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் வேண்டாம் என்று சொல்லியனுப்ப நல்ல நாளும் திங்கட்கிழமைதான் என்று ஆயிற்று.

சீட்டு வந்து நாள் இல்லாமல் போனவர்களை 'வண்டிக்கடியில் இருக்காங்க' என்று சொல்லத் தொடங்கினார்கள். வண்டிக்கடியில் இருப்பவரைக் கண்டுபிடிப்பது சுலபம். பேரம் பேசமாட்டார், மறுத்துப் பேசமாட்டார், சின்னப் பிள்ளையைக்கூட வாங்க போங்க என்பார், தண்ணீர் வருகிற நாளாக இருந்தால் குடத்தை எல்லாம் நிரப்பிவைத்துவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். பிச்சைக்கனி அண்ணாச்சி இரண்டு தடவை வண்டிக்கடியில் இருந்துவிட்டு வந்தபோது அவர் வீட்டம்மா என்னிடம் வந்து, "இந்தா மாரீஸு, வாரத்துக்கு ஒரு நாள் இப்பிடி இருந்தார்னா நல்லாத்தான் இருக்கு" என்றாள், பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனா சிரிக்கமாட்டேங்காரு" என்றாள்.

மற்றவர்களுக்குக் காரணம் இருந்தது. எனக்குக் காரணமும் இல்லை. திதி முடிந்துவிட்டது, பல் எல்லாம் உறுதியாக இருந்தது, திங்கட்கிழமைகளில் எனக்குப் பஞ்சாங்கப் பக்கம் திருத்துவதைத் தவிர வேறு வேலை கிடையாது. இருந்தாலும் சீட்டுக்கட்டை நோக்கிக் கை நீளும்போதெல்லாம் அந்தச் சீட்டு வரட்டும் என்றுதான் இருந்தது. ஒரு நாள் குறைந்தால் ஒரு நாள் குறைந்தது. பங்குனியிலிருந்து ஆவணி வரைக்கும் அறுபத்தோரு ஆட்டம் ஆடியிருந்தேன், பத்து முறை என்ற என் கணக்கு ஆறு மடங்கு தாண்டியும் ஒரு வரி எழுதவில்லை. 'சார், ஏழு சந்தை பற்றி எப்போது?' என்று வாசகர் ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஆவணியில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் எழுத உட்கார்ந்தேன். தனு பக்கத்தில் தரையில் கவிழ்ந்து படுத்து பூகோளப் படத்துக்குக் கலர் அடித்துக்கொண்டிருந்தாள். விமர்சனம் எழுதும்போது விதிகளைச் சுருக்கிச் சொல்வது என் பழக்கம், அதனால் விதித்தாளை வரிவரியாக, அலுவலகத்தில் புரூஃப் பார்ப்பது மாதிரி ஸ்கேல் வைத்துப் படித்துக்கொண்டு வந்தேன். வண்டிக்கடிச் சீட்டின் பத்தி வந்தது. 'இச்சீட்டை எடுத்தவர் தம் அடுத்த முறையை ஆட இயலாது' என்று இருந்தது. அதற்கு அடுத்த வரியில், 'அம்முறை வீணாகாது. அவருக்கு இடப்புறம் அமர்ந்திருப்பவர், தம் முறையோடு அதையும் சேர்த்து ஆடுவார்' என்று இருந்தது.

போர்டு கேம் ஆடுகிற எல்லோருக்கும் இது நடக்கும். மாதக்கணக்கில் ஒரு ஆட்டத்தை ஆடிவிட்டு, ஒரு நாள் விதியைத் திரும்பப் படித்தால் ஏதாவது ஒன்றைத் தப்பாக ஆடிக்கொண்டிருந்தது தெரியும், சிரித்துவிட்டு அடுத்த முறை சரியாக ஆடுவார்கள். எனக்கும் முதலில் அந்தப் புத்திதான் வந்தது. நல்ல விதி, முறை இழப்பதை இப்படிச் செய்தால் யாரும் சும்மா உட்கார வேண்டியதில்லை, இதைப் பாராட்டி எழுதலாம் என்று நினைத்தேன். 'இடப்புறம் அமர்ந்திருப்பவர்' என்று தட்டச்சு செய்து முடித்த பிறகுதான் தனுவைத் திரும்பிப் பார்த்தேன்.

"தனு, இந்த ரூல் ஒனக்குத் தெரியுமா?"

எட்டிப் பார்த்தாள். "தெரியும்மா. பெட்டி வந்த அன்னைக்கே படிச்சேன்ல."

"அப்ப, நா வண்டிக்கடியில இருந்த நாளெல்லாம்?"

"எனக்குத்தான் வரும்." நீலக் கலரைக் கீழே வைத்துவிட்டுப் பச்சையை எடுத்தாள். "இதுவரைக்கும் பதினொண்ணு."

"என்ன வரும்?"

"மத்தியானம் வரைக்கும் ஒண்ணும் இருக்காது. ஸ்கூல்ல சாப்பாட்டு பெல் அடிச்சதும் வரும். அப்பா இல்லங்கிறது வரும்."

"அது ஒனக்கு எப்பவும் இருக்கிறதுதான, கண்ணு."

"அது என்னோடது. இது ஒன்னோடது, வேற மாதிரி. என்னோடதுல அப்பா பைக்ல முன்னாடி உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போவாரு. ஒன்னோடதுல அப்பா ஒனக்குத் தலையத் தொவட்டிவிடுவாரு. அப்பறம் பஸ்ஸுல ஒங்க ரெண்டு பேருக்கும் சீட் கெடைக்காம நின்னுக்கிட்டே வருவீங்க, சிரிச்சுக்கிட்டே வருவீங்க. அது வந்தா மூச்சு முட்டும். மிஸ் காய்ச்சலான்னு தொட்டுப் பாப்பாங்க."

"மிஸ் எனக்குப் போன் பண்ணலையா?"

"பண்ணுவாங்க. நீதான வந்து கூட்டிட்டுப் போவ. வாங்க போங்கன்னு பேசுவ, ஆட்டோவுல தண்ணி குடுப்ப."

பதினோரு தடவையும் வந்து கூட்டிப்போனது நான்தான் என்று என்னால் நினைக்க முடியவில்லை. "ஏன்மா என்ட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

தனு கலர் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள், பார்வையில் குற்றம் சொல்வது எதுவும் இல்லை. "ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன்மா. நீதான எல்லா ரூலும் படிப்ப. தெரிஞ்சுதான் என்னய அந்தப் பக்கம் உக்கார வைக்குறன்னு நெனச்சேன்."

அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் நடந்தது. இட்லிக்கு ஊற வைத்திருந்ததை எடுத்து ஆட்டினேன். அவள் சொன்ன பஸ்ஸை நினைத்துப் பார்த்தேன், எந்த ஊர் பஸ் என்று பிடிபடவில்லை, அதுவும் அந்தத் திங்கட்கிழமைகளோடு இறங்கிப் போய்விட்டது போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்களிடம் விதியைப் படித்துக் காட்டினேன். ஒவ்வொருவரும் எந்த ஞாயிற்றுக்கிழமை தன் இடப்பக்கம் யார் இருந்தார் என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். "அந்தப் பல்லு வலி என்னுதில்ல, ஒன்னுது" என்று பிச்சைக்கனி அண்ணாச்சி ஜெயராணி அக்காவைப் பார்த்துச் சொன்னார், தாடையைப் பிடித்துக்கொண்டு மதுரை வரைக்கும் போய் எக்ஸ்ரே எடுத்துவிட்டு வந்தவர் அவர். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஒரு மாதத்துக்குத் தெருவில் பேச்சுவார்த்தை கெட்டுக்கிடந்தது, ஒருவர் வீட்டு வாசல் கோலத்தை இன்னொருவர் மிதித்தார். பிறகு, வேண்டாம் என்று யாரும் சொல்லாமலே, ஆட்டம் திரும்ப ஆரம்பித்தது, ஆனால் வேறு மாதிரி ஆரம்பித்தது. அக்காவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று முடிவானபோது அண்ணாச்சி தானாக வந்து அவள் இடப்பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "பாதியாவது நா வாங்கிக்கிடுதேன், முழுசா வந்தாலும் சரித்தான்" என்றார். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் துக்க வீட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு, "எடப்பக்கம் உக்கார ஆளு இருக்கா?" என்று கேட்பது வழக்கமாயிற்று. இல்லை என்றால் சிலர் உட்கார்வார்கள், சிலர் செருப்பைத் தேடுவார்கள், இரண்டுக்கும் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

அந்தப் பதினொன்றையும் திரும்ப வாங்கிக்கொள்ள விதி இருக்கிறதா என்று தாளின் இரண்டு பக்கமும் தேடினேன், இல்லை. நான் செய்யக் கூடியது ஒன்றுதான் இருந்தது. தனுவின் இடப்பக்கம் நான் உட்கார்ந்து, அவளுக்கு அந்தச் சீட்டு வந்து, அவளுடைய ஒரு நாளையாவது நான் வாங்க வேண்டும்.

"எனக்கு வேணாம்மா" என்றாள்.

"ஒரே ஒரு நாளு. அன்னைக்கு நீ ரெஸ்ட் எடு."

இரண்டு பேர் மட்டும் ஆடினால் இடப்பக்கமும் எதிராளி, வலப்பக்கமும் எதிராளி, எனக்குச் சீட்டு வந்தால் அது திரும்ப அவள் தலையில்தான் விடியும். அதனால் நான் சீட்டுக்கட்டிலிருந்து ஒரு சீட்டும் எடுக்காமல், வண்டியை மட்டும் வெறுமனே நகர்த்திக்கொண்டு, எல்லாச் சந்தைக்கும் கடைசியாகப் போய்ச் சேர்ந்து, விமர்சனம் எழுதுகிற எவளும் வெளியில் சொல்ல முடியாத அளவுக்குக் கேவலமாக ஆடினேன். "நீ வேணும்னே தோக்குற" என்று தனு அலுத்துக்கொண்டாள். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அவளுக்குச் சீட்டு வந்தது.

திங்கட்கிழமை காலையில் என் நாள் அதுபாட்டுக்கு இருந்தது, அதற்குள்ளேயே அவள் நாளும் ஓடியது. அச்சகத்தில் தை மாதத் தாள்களைத் திருத்திக்கொண்டிருக்கும்போது, கணக்கு நோட்டைக் கொண்டுவரவில்லையே என்று பயந்தேன். பதினொரு மணிக்கு யாரோ பாதி கடித்துக் கொடுத்த நெல்லிக்காய் நாக்கில் புளித்து, பின்னால் இனித்தது, ஒன்றரை வருஷத்தில் எனக்குத் தெரிந்த முதல் ருசி அதுதான். சாப்பாட்டு நேரம் வந்தது. அப்பா வரப்போகிறார் என்று பேனாவை மூடிவைத்துவிட்டுத் தயாராக இருந்தேன். வந்தார். பைக்கில் முன்னால் உட்கார்ந்திருந்தேன், அவர் தாடை என் உச்சந்தலையில் இடித்தது, வலித்தது, ஆனால் தாங்கக்கூடிய வலி, பத்து வயதுப் பிள்ளை தினமும் தூக்கிப் பழகிய வலி.

மூன்றே முக்காலுக்குத்தான் மற்றது வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, ஜெயராணி அக்காவிடம் சாவியை வாங்கி, படியேறி, கதவைத் திறந்து, பையை இறக்கிவைக்கிற நேரம் அது. அந்த வெறும் வீட்டில் நின்றுகொண்டு தனு தினமும் ஒரு ஆளை நினைக்கிறாள், அந்த நினைப்பு எனக்குள் வந்தது. விதி சொல்லும்போதே எதிராளியை ஏமாற்ற வழி கண்டுபிடித்து மாட்டிக்கொண்டு வாயைப் பொத்திச் சிரிக்கிற ஆள், தோற்றால் பாயை உதறிவிட்டு எழுந்து போகிற ஆள், ஜெயித்தால் தன்னைத் தூக்கிச் சுற்றுகிற ஆள். ஆறு மணிக்கு வேலை முடிந்து வந்து தோசை ஊற்றித் தருகிறவளை அவள் நினைக்கவில்லை, அவளுக்காகக் காத்திருக்கவும் இல்லை. போய்விட்ட ஒருத்தியை நினைத்தாள். அப்பாவை நினைத்து வந்த வலியைவிட இது பெரிதாக இருந்தது, ஏனென்றால் அப்பாவுக்காவது படம் மாட்டி மாலை போட்டிருந்தது. செத்துப்போன என்னை அவள் தினமும் மூன்றே முக்காலுக்கு அழாமல் தேடிக்கொண்டிருந்தாள்.

தை இருபதாம் தேதித் தாளின்மேல் தலையைக் கவிழ்த்து அழுதேன். பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தார்கள், யார் இறந்தது என்று கேட்டார்கள். நான் மேனேஜரிடம் பர்மிஷன் சொல்லிவிட்டு, ஷேர் ஆட்டோவுக்கு நிற்காமல், வெயிலில் பாதி ஓடியும் பாதி நடந்தும் வீட்டுக்குப் போனேன், போகிற வழியெல்லாம் அவளைத் தூக்க வேண்டும், அவள் பேரைச் சொல்ல வேண்டும் என்பதைத் தவிர எதுவும் எனக்கு ஓடவில்லை.

கதவு திறந்திருந்தது. தனு யூனிஃபார்மை மாற்றி, தலை சீவி, வீட்டுப்பாடத்தை முடித்துவைத்துவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். கட்டிக்கொள்ள விட்டாள். "தனு, தனு, நா வந்துட்டேன்டி" என்றேன்.

"வாங்கம்மா" என்றாள். "தண்ணி குடிக்கிறீங்களா?"

கொண்டுவந்து கொடுத்தாள், வாங்கிக் குடித்தேன். என்ன கேட்டாலும் சரிம்மா என்றாள், பேசுகிறவர் முகத்தை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு தடவை ஒரு பிள்ளை ஆட்டோவில் உட்கார்ந்து பார்த்த முகம் இதுதான் என்று எனக்குத் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை காலையில்தான் வருவாள். நான் சேலைகூட மாற்றாமல் அவள் இடப்பக்கத்தில் உட்கார்ந்தேன், மணி நாலரைதான் ஆகியிருந்தது.